நெட் வரவில்லை என்றால்

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காலையில் கொஞ்ச நேரம் லேப்டாப்பில் மின்னஞ்சல் பார்த்தேன். பிறகு அதையும் துடைத்துப் பூஜைக்கு வைத்தேன். வரிசை இது: அரிவாள்மனை, மிக்ஸி, தையல் மெஷின், கணவரின் டூல்ஸ் பை, என் பழைய டேப் ரிக்கார்டர், லேப்டாப். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு கிள்ளு செவ்வந்தி. கணவர் உலகநாதன் ஜூன் மாதத்திலிருந்து பெங்களூரில் மகள் மேனகாவின் வீட்டில் இருக்கிறார். அங்கே வெயில் குறைவு. அதனால் தேங்காயை நானே உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது.

பூ கொண்டுவந்தவள் மாராத்தாள். எங்கள் குருவம்பாளையம் பேருந்து நிலையத்தில் இருபது வருடமாகப் பூ விற்கிறாள். நான் செய்தியாளர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று நான்கு வருடமாகியும் அவளுக்கு நான் பேப்பரக்காதான்.

"அண்ணன் இல்லீங்களா பூசைக்கு?" என்றாள்.

"அங்க கிளைமேட் நல்லாருக்குதாம்."

"நாலு மாசமாவுங்களா நல்லாருக்குது?"

பொரியும் கடலையும் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. எதையும் தொடங்க நல்ல நாள் என்பார்கள். லேப்டாப்பைத் தொடங்கினேன். நெட் வரவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

இன்றும் வரவில்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். மறுபடி அணைத்துப் போட்டேன்.

அவசரம் ஏன் என்பதை எழுதிவிடுகிறேன். 22ஆம் தேதி, செவ்வாய், காலை பதினொரு மணிக்குத் தகவல் ஆணையத்தில் என் மேல்முறையீடு விசாரணைக்கு வருகிறது. வீடியோ வழியாக. மூன்று வருடம் காத்திருந்து மே மாதம் கிடைத்த தேதி. விஷயம், எங்கள் பேருந்து நிலையத்தின் பொதுக் கழிப்பறை. பேரூராட்சி ஆவணங்களின்படி அது 2014, 2017, 2020 என்று மூன்று முறை திறக்கப்பட்டிருக்கிறது. நான் வாரத்தில் நான்கு நாள் அந்தப் பேருந்து நிலையத்தின் வழியாக நடக்கிறேன். ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. அது எங்கே இருக்கிறது என்பதுதான் நான் கேட்ட கேள்வி.

மனுதாரர் வராவிட்டால் மனு முடித்துவைக்கப்படும் என்று அறிவிப்பின் கடைசி வரியில் இருக்கிறது. ஆவணங்களை விசாரணையின்போது திரையில் காட்ட வேண்டும் என்பது அதற்கு முந்தைய வரி. அறுபத்தொரு பக்கங்களும் ஒரு வரைபடமும் இந்த லேப்டாப்பில் இருக்கின்றன. கைப்பேசியில் முகத்தைக் காட்டலாம், வரைபடத்தைக் காட்ட எனக்குத் தெரியாது. அதோடு எங்கள் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் பேச முடியும். ஊரில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் மையம். அதை நடத்துபவர் கழிப்பறையைக் கட்டியதாகச் சொல்லப்படும் ஒப்பந்ததாரரின் மைத்துனர்.

ஆகவே இந்த லேப்டாப், இந்த வீடு, ஒன்பது நாள்.

அக்டோபர் 14, திங்கள்

காலை 10.20க்கு மயில்சாமி வந்தார். கேபிள் டிவி நடத்தியவர், இப்போது ஊர் முழுக்க நெட் கொடுக்கிறார். எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கும் பெட்டியில் எல்லா விளக்கும் எரிகிறது என்று காட்டினார். பிறகு லேப்டாப்பிலிருந்து கேபிளை உருவி அதன் நுனியைப் பார்த்தார்.

"மஞ்சப் பூத்துப் போச்சுங்க்கா. பழசு. மாத்திப் போட்டர்லாம்."

புதுக் கேபிள் போட்டார். நெட் வரவில்லை. தன் லேப்டாப்பை அதே கேபிளில் மாட்டினார். வந்தது. என்னுடையதைத் திருப்பி மாட்டினார். கேபிள் நுழையும் துளைக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன விளக்குகள் உண்டு. பச்சை ஒன்று, ஆரஞ்சு ஒன்று. இரண்டும் எரியவில்லை.

"என்ற லைன்ல குத்தமில்லீங்க்கா. உங்க மெஷின்லதான் என்னமோ கெடக்குது. இது விண்டோஸுங்களா?"

"லினக்ஸ்."

"அதான் பாத்தேன்," என்றார், மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வதுபோல. "ஆரு போட்டது?"

"அவர்தான்."

"அவருக்கே ஒரு போன் போட்டுக் கேட்டுப்போடுங்க. ரெண்டு நிமிசத்துல சொல்லிப்போடுவாரு."

அவர் ஓய்வில் இருக்கிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றேன். மயில்சாமி ஒரு காபி குடித்தார். விண்டோஸ் போட்டுத் தரட்டுமா என்று வாசற்படியில் நின்று இன்னொரு முறை கேட்டார். போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமா என்றேன். "காப்பி எடுத்துக்கலாமுங்க, முக்காவாசி வந்துரும்" என்றார். அனுப்பிவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

உலகநாதன் விட்டுப்போன நோட்டு ஒன்று டிவி அலமாரியில் இருக்கிறது. நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. அட்டையில் "நெட் வரவில்லை என்றால்" என்று மின்வாரியக் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். முப்பது வருடம் அங்கே இருந்தவர், எதையும் பாதுகாப்பு விதிபோலத்தான் எழுதுவார். கீழே தேதி: ஜூன் 10. அன்று எங்களுக்குள் பேச்சில்லை. சாப்பாட்டு மேஜையில் நாள் முழுக்க எதையோ எழுதிக்கொண்டிருந்தார். என்னவென்று நான் கேட்கவில்லை.

பேச்சு நின்ற காரணத்தையும் இங்கே குறித்துவைக்கலாம், ஒளிக்க ஒன்றுமில்லை. ஜூன் 9 பேத்திக்கு இந்த வீட்டில் காதுகுத்து. சாப்பிட்ட பிறகு சம்பந்தி வீட்டார் உட்பட பதினொரு பேர் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். உலகநாதன் தன் வழக்கமான கதையை ஆரம்பித்தார். 1992 வெள்ளத்தில் பஸ் நின்றுபோனபோது என் செய்தியையும் ஃபிலிம் ரோலையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஈரோடு வரை சைக்கிளில் போய் ஆபீசில் சேர்த்தாராம். முப்பது வருடமாகச் சொல்கிறார். நான், "சைக்கிள் இல்லீங்க, லாரி. லாரில போயிட்டு சைக்கிள்னு சொல்லிட்டிருக்கறாரு" என்றேன். எனக்கு லாரி நன்றாக நினைவிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை கொஞ்சம் அதிகமாகச் சிரித்தார். நடந்ததை நடந்தபடி சொல்வது முப்பத்து நான்கு வருடப் பழக்கம். இதில் கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? பதினொன்றாம் தேதி இரண்டு வாரத்துக்கு என்று சொல்லிப் பெங்களூர் போனார்.

நோட்டின் முதல் மூன்று பக்கத்துக்கு "இவற்றை முதலில் பார்" என்று தலைப்பு. பிளக் மாட்டியிருக்கிறதா என்பது முதல் வரி. அறுபத்திரண்டு வயதில் எனக்கு இதுவா என்று நேராக நான்காம் பக்கத்துக்குப் போனேன். அங்கேதான் கட்டளைகள் ஆரம்பிக்கின்றன. கறுப்புத் திரையில் தட்டச்சு செய்தால் லினக்ஸ் பதில் சொல்லும். ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு: "வ. கவனிக்க. இது பேட்டி அல்ல. ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்டால் வேறு பதில் வராது."

வ. என்றால் வசந்தாமணி. நான்தான்.

கேபிளைப் பற்றிக் கேட்டேன். "நோ கேரியர்" என்றது. அந்தப் பக்கத்தில் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை என்று அதற்குப் பொருளாம். சரி, கம்பி வேண்டாம், சுவர்ப் பெட்டியிலிருந்து காற்றில் வரும் வைஃபையைப் பிடிக்கலாம் என்று பதினான்காம் பக்கம் போனேன். அங்கே சொன்ன கட்டளையைக் கொடுத்தால் இரண்டு வரி வந்தது. மென்தடை: இல்லை. வன்தடை: ஆம். அதன் கீழே உலகநாதனின் எழுத்து: "வன்தடை என்றால் கட்டளையால் எடுக்க முடியாது."

பல முறை படித்தேன். போவதற்கு முன் வைஃபையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

மாலை 5.40க்கு மொட்டை மாடிக்குப் போய் அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு நான் அனுப்பிய முதல் செய்தி. "வைஃபையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். 22ஆம் தேதி எனக்கு விசாரணை என்று தெரிந்தும். சாவி எங்கே என்று சொன்னால் போதும்."

5.52க்குப் பதில் வந்தது. "பக்கம் 2."

அவ்வளவுதான். முழு வாக்கியம்கூட இல்லை. பிளக் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்.

அக்டோபர் 16, புதன்

பதினோராம் பக்கத்தின்படி லேப்டாப்புக்கு முகவரியைக் கையால் கொடுத்துப் பார்த்தேன். நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள். வாங்கிக்கொண்டது, ஆனால் யாருடனும் பேசவில்லை. வீட்டு எண் மாட்டிய வீட்டுக்குத் தெருவே இல்லாத மாதிரி.

மாலை நடையில் மாராத்தாளின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேருந்து நிலையத்தின் தென்கிழக்கு மூலையில் வேப்பமரத்துக்குக் கீழே அவளுடைய முக்காலி. ஒருவேளை இந்த விசாரணை நடக்காமல் போகலாம் என்றேன்.

அவள் கட்டிக்கொண்டிருந்த சரத்தை மடியில் வைத்தாள். "ஏனுங்க்கா, பொட்டி வேல செய்யறதில்லையா?"

"செய்யுது. நெட்டுதான் வரமாட்டேங்குது."

"நீங்க மூணு வருசமா வருது வருதுன்னு சொன்னீங்க. நானும் எல்லாருகிட்டயும் சொல்லிப்போட்டேன். எளநீர்க்காரி, டிக்கெட் கவுண்டர் புள்ள, எல்லாருகிட்டயும். லாரி செட்டுக்குப் பொறத்தால இனி போவேண்டாம், பேப்பரக்கா பாத்துக்குதுன்னு." மறுபடி நாரை எடுத்தாள். "சரி உடுங்க. பழகிப்போச்சு."

திட்டியிருந்தால் பரவாயில்லை.

அக்டோபர் 17, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன். நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் நோட்டின் பதினெட்டாம் பக்கம். லினக்ஸ் தனக்கென்று ஒரு நாட்குறிப்பு வைத்திருக்கிறதாம். என்ன நடந்தது, எந்த நாள், எந்த நொடி என்று தானே எழுதிக்கொள்ளும். உலகநாதனின் குறிப்பு: "வ.வுக்கு இது பிடிக்கும். இது யாருக்காகவும் மாற்றி எழுதாது."

செய்தியாளருக்கு முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கடைசியாக எப்போது சரியாக இருந்தது? அதை ஐந்து நாளாகக் கேட்காமல் விட்டது என் தவறு. பதிவைப் பின்னோக்கிப் படித்தேன். கம்பி இணைப்பு அறுந்த நேரம் அக்டோபர் 11, காலை 10 மணி 52 நிமிடம் 08 நொடி. அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. 10.51க்கு வைஃபை பற்றியும் ஒரு வரி இருந்தது. நான் தேடியது கம்பி, ஆகவே அதை விட்டுவிட்டேன்.

11ஆம் தேதி 10.52க்கு நான் எங்கே இருந்தேன்? என்னுடைய இந்த நாட்குறிப்பையே புரட்டினேன். லேப்டாப்பைத் துடைத்துச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன்.

துடைப்பதற்காகக் கேபிளை உருவியது நினைவுக்கு வந்தது. முன்பக்கம் ஒரு பொட்டு, மூடியில் ஒரு பொட்டு. கேபிள் துளையும் ஒரு வாசல்தானே என்று அதன் மேல் விளிம்பில் ஒன்று. அன்று சந்தனம் கொஞ்சம் தளர்வாகக் கரைந்திருந்தது. அதன்மேல் கேபிளைக் குத்தி உள்ளே தள்ளியவள் நான்.

டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தேன். எட்டுப் பித்தளைக் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த சந்தனம், ஒரு ஓரத்தில் குங்குமம். மஞ்சப் பூத்துப் போச்சு என்று மயில்சாமி சொன்னது வயதினால் வந்த மஞ்சள் இல்லை.

லேப்டாப்பை அணைத்துப் பேட்டரியைக் கழற்றினேன். பல் குச்சி, பழைய டூத் பிரஷ், ஒரு சொட்டு ஸ்பிரிட். நாற்பது நிமிடம். ஒரு மணி நேரம் காயவிட்டேன். மாலை 4.10க்குக் கேபிளை மாட்டினேன். பச்சை எரிந்தது. அடுத்து ஆரஞ்சு கண் சிமிட்டியது. நாற்காலியில் சாய்ந்து அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மயில்சாமிக்குப் போன் செய்து சொன்னேன். சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. "என்ற மாமன் டிராக்டர் சைலன்சருக்குள்ள எலுமிச்சம்பழம் வெச்சவருங்க்கா. அவருக்கு நீங்க பரவால்ல."

வைஃபை பூட்டு அப்படியேதான் இருக்கிறது. ஆகவே அவருக்கு அனுப்பிய செய்தியில் திருத்த ஒன்றுமில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

அறுபத்தொரு பக்கங்களையும் வரிசைப்படுத்தினேன். வரைபடம் கடைசியில்.

அக்டோபர் 19, சனி

கழிப்பறை முதலில் திறக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 2014 மே மாதத்தில் நான் ஊரில் இருந்தேனா என்று பார்க்கப் பழைய நாட்குறிப்புகளை இறக்கினேன். இருந்தேன். விழா எதுவும் நடக்கவில்லை.

அடுக்கும்போது 1992 கைக்கு வந்தது. நவம்பர் 14ஆம் தேதிப் பக்கத்தையும் அதற்கு அடுத்த பக்கத்தையும் படித்தேன். அன்று நல்ல மழை.

மாலை நடைக்குப் போகவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

மேனகா போன் செய்தாள். மாடியில் நின்று பேசினேன். விசாரணைக்கு என்ன புடவை என்று கேட்டாள். பேத்தி ஒரு பாட்டு பாடினாள், பாதியில் மறந்துவிட்டாள்.

"அப்பா பக்கத்துலதான்ம்மா இருக்காரு. தரட்டுமா?"

"விசாரணை முடியட்டும்."

"அவரும் அதேதான் சொல்றாரு. ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

அக்டோபர் 21, திங்கள்

ஆணையத்திலிருந்து ஒத்திகை அழைப்பு, 3 மணி. கேபிள் வழியாகப் படம் தெளிவாக வந்தது. வரைபடம் தெரிகிறது என்றார்கள். நாளை மாராத்தாளையும் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ராத்திரி மழை வரும்போல இருக்கிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

விடியும்போதே இடி. வழக்கப்படி எல்லா பிளக்கையும் பிடுங்கி வைத்தேன். ஒன்பதேகாலுக்கு இடி நின்றது, மழை நிற்கவில்லை. எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். லேப்டாப்பில் பச்சையும் ஆரஞ்சும் எரிந்தன. நெட் இல்லை. இந்த முறை சுவர்ப் பெட்டியிலேயே சிவப்பு விளக்கு.

9.50க்கு மாடியிலிருந்து மயில்சாமியை அழைத்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவில் கத்தினார். "நாலு ரோட்டுல புங்கமரம் உழுந்து ஃபைபர் அறுந்துருச்சுங்க்கா. மரத்த வெட்டி எடுத்துப்போட்டுத்தான் ஒட்டோணும். பன்னண்டு மணி ஆயிரும். நான் கம்பத்து மேல நிக்கறேன்."

மாராத்தாள் பத்து மணிக்குச் சரியாக வந்தாள். தலையில் பிளாஸ்டிக் உறை, கையில் காலிப் பூக்கூடை. பேருந்து நிலையத்தில் தண்ணீர் நிற்பதால் கூடையை விட்டுவர மனசில்லையாம். விஷயத்தைச் சொன்னேன்.

"போன்ல நெட்டு இருக்குமில்லீங்க? எம் பையன் போன்லிருந்து அவன் சிநேகிதன் பொட்டிக்குத் தருவானுங்க. ஒயரே இல்லாம."

இருக்கிறது. மாடியில் இருக்கும் போனிலிருந்து கம்பி இல்லாமல் லேப்டாப்புக்குக் கொண்டுவரலாம், லேப்டாப்பின் வைஃபை வேலை செய்தால். அது பூட்டியிருக்கிறது. பூட்டியவரைக் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார் என்று ஏற்கனவே சொல்லிவிட்டார்.

10.38க்கு நோட்டை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன்.

பிளக் பற்றி அங்கே ஒன்றுமில்லை. லேப்டாப்பின் படம் ஒன்றைப் பேனாவால் வரைந்து அம்புக்குறி போட்டிருந்தார். "முன் விளிம்பில், இடது கைப் பக்கம், அரிசி அளவில் ஒரு சின்னப் பித்தான் உண்டு. அதுதான் வைஃபையின் மெயின் சுவிட்ச். துணியால் அழுத்தித் துடைத்தால் நகர்ந்துவிடும். அப்போது கம்ப்யூட்டர் 'வன்தடை' என்று சொல்லிப் பயமுறுத்தும். யாரும் பூட்டவில்லை, விரலால் வலப்பக்கம் தள்ளினால் போதும். வ. அழுத்தித் துடைப்பவள் என்பதால் இதை இரண்டாம் பக்கத்திலேயே எழுதுகிறேன்."

பித்தானைத் தேடினேன். அதன்மேலும் ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. நகத்தால் சுரண்டித் தள்ளினேன். லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு நீல விளக்கு எரிந்தது. லினக்ஸின் நாட்குறிப்பில் 11ஆம் தேதி 10.51க்கு இருந்த வைஃபை வரி இதுதான்.

"என்னுங்க்கா, ஏன் அப்படி நின்னுட்டீங்க?" என்றாள் மாராத்தாள்.

"ஒண்ணுமில்ல. தூசி."

மற்றது வேகமாக நடந்தது. போனை மாராத்தாளின் பூக்கூடைக்குள் வைத்து, அவள் பிளாஸ்டிக் உறையால் மூடி, தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டித் தொங்கவிட்டோம். லேப்டாப்பை மாடிப்படி முடியும் கொட்டகையில் ஒரு முக்காலி மேல் வைத்தேன். படிமேல் நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். 10.57க்கு இணைப்பு கிடைத்தது. 11.07க்கு எங்களை அழைத்தார்கள்.

ஆணையர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "மனுதாரர் எங்கேருந்து பேசறீங்க? பின்னாடி தண்ணித் தொட்டியில பூக்கூடை தொங்குதே."

"வீட்டு மாடிங்க ஐயா. சிக்னல் அந்தக் கூடைக்குள்ள இருக்கு."

"சரி. சொல்லுங்க."

நான் மூன்று திறப்பு விழாத் தேதிகளைச் சொன்னேன். எங்கள் பேரூராட்சிச் செயல் அலுவலர் திரையின் இன்னொரு சதுரத்தில் கோப்போடு உட்கார்ந்திருந்தார். கழிப்பறை நல்ல பயன்பாட்டில் உள்ளது என்று படித்தார். தென்கிழக்கு மூலை, வேப்பமரத்துக்கு மேற்கே பன்னிரண்டு அடி. நான் அறுபத்தொரு பக்கங்களையும் தாண்டி, பேரூராட்சியே தந்த வரைபடத்தைத் திரையில் போட்டேன். அதிலும் வேப்பமரம், மேற்கே பன்னிரண்டு அடி, கழிப்பறை என்று ஒரு கட்டம்.

"ரெண்டு பேரும் ஒரே இடத்தைத்தான் சொல்றீங்க," என்றார் ஆணையர். "அந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?"

"கழிப்பறைங்க ஐயா," என்றார் செயல் அலுவலர்.

மாராத்தாள் எனக்கு முன்னால் குனிந்து திரைக்குள் வந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை.

"சாமி, வேப்பமரத்துக்கு மேக்க பன்னண்டடியில நானுங்க இருக்கறேன். இருவது வருசமா. நான் உக்காந்து பூக் கட்டறதே கக்கூசுக்குள்ளன்னா எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க? காலைல ஏழு மணிக்கு வந்தா பொழுதோட ஆறு மணிக்குத்தான் ஊட்டுக்குப் போறேன். போக எடமில்லைன்னு நடுவுல தண்ணி குடிக்கறதே உட்டுப்போட்டனுங்க."

ஆணையர் கோப்பை மூடிவைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு எதாவது காகிதம் இருக்காம்மா?"

மாராத்தாள் இடுப்புப் பையிலிருந்து ஒரு கற்றையை எடுத்தாள். தரைக் கடைக்குப் பேரூராட்சி தினமும் கிழித்துக் கொடுக்கும் ரசீதுகள். லேப்டாப் கேமராவுக்கு நேரே ஒன்றைப் பிடித்தாள். இடம் என்ற கட்டத்தில் "வேப்பமரம் மேற்கு" என்று எழுதியிருந்தது. கீழே செயல் அலுவலரின் முத்திரை.

ஆணையரின் உத்தரவை அப்படியே எழுதிக்கொண்டேன். மனு முடித்துவைக்கப்படவில்லை. 30ஆம் தேதி ஆணையத்தின் அலுவலர் நேரில் வந்து இடத்தைப் பார்ப்பார். செயல் அலுவலர் கழிப்பறையின் சாவியுடன் அங்கே இருக்க வேண்டும்.

கூடையை அவிழ்க்கும்போது மாராத்தாள் கேட்டாள்: "சாவி எங்கிருந்துங்க கொண்டாருவாங்க?"

"அதைப் பார்க்கத்தான் ஆள் வருது."

அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டாள். முழுவதும் குடித்தாள்.

அக்டோபர் 23, புதன்

மழை விட்டிருக்கிறது. மயில்சாமி லைனைச் சரிசெய்துவிட்டார். கம்பி, வைஃபை இரண்டும் வேலை செய்கின்றன.

தவறு எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில் திருத்தமும் வர வேண்டும் என்பது எங்கள் பழைய ஆசிரியரின் விதி. ஒருவரிடம் தனியாகச் சொல்லிச் சரிக்கட்ட அவர் விடமாட்டார். காதுகுத்துக்காக மேனகா ஆரம்பித்த வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதில் உண்டு. ஜூன் மாதத்துக்குப் பிறகு அதில் யாரும் எதுவும் எழுதவில்லை. காலை 9.15க்கு இதைப் போட்டேன்:

"திருத்தம். ஜூன் 9 அன்று நம் வீட்டுக் கூடத்தில், 1992 நவம்பர் 14 வெள்ளத்தின்போது திரு. உலகநாதன் ஈரோட்டுக்கு லாரியில் சென்றதாக நான் கூறியது தவறு. அந்த இரண்டு நாட்களின் என் நாட்குறிப்பின்படி, லாரிக்காரர் ஏற்ற மறுத்துவிட்டார். 38 கிலோமீட்டரும் அவர் சைக்கிளில் சென்றார். மறுநாள் மதியம் இரண்டு முழங்காலிலும் சிராய்ப்புடன் திரும்பினார். முதலில் ஃபிலிம் நனையவில்லை என்று சொன்னார், அதன் பிறகுதான் தண்ணீர் கேட்டார். மேலும், அவர் வைஃபையைப் பூட்டிச் சென்றதாக அக்டோபர் 15 அன்று நான் குற்றம் சாட்டியதும் தவறு. அது நான் துடைத்ததால் நேர்ந்தது. இரண்டு தவறுகளுக்கும் வருந்துகிறேன். வசந்தாமணி."

சம்பந்தி கைகூப்பும் படம் ஒன்று போட்டார். மாப்பிள்ளை ஒரு சைக்கிள் படம் போட்டார்.

நாற்பது நிமிடம் கழித்து உலகநாதனின் பதில்:

"திருத்தத்துக்குத் திருத்தம். 38 அல்ல, 41. பாலத்தில் தண்ணீர் போனதால் சுற்றித்தான் போக முடிந்தது."

நாட்குறிப்பில் 38 என்றுதான் இருக்கிறது. அப்போது வரைபடத்தைப் பார்த்து எழுதியிருப்பேன். போனவர் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 24, வியாழன்

அவருடைய நோட்டின் கடைசிக்கு முந்தைய பக்கம் காலியாக இருந்தது. அதில் ஒரு வரி எழுதினேன்: "ஆயுத பூஜையில் கம்ப்யூட்டருக்குப் பூ மட்டும்."

அக்டோபர் 26, சனி

பூ வாங்க வேண்டியிருந்ததால் மாலை நாலரை மணிவாக்கில் பேருந்து நிலையம் போனேன். மாராத்தாள் முக்காலியில் இருந்தாள். வீட்டில் பூ இருக்கும்போது எதற்குப் பூ என்று அவள் கேட்கவில்லை. இரண்டு முழம் கொடுத்தாள். நான் அங்கேயே நின்றேன்.

பெங்களூர் பஸ் 4.48க்கு வந்தது. எட்டாவது ஆளாக உலகநாதன் இறங்கினார். கையில் ஒரே ஒரு பை. கொஞ்சம் இளைத்திருக்கிறார், அல்லது சட்டை புதிது. ஏழு மணி நேரப் பயணம். என்னைப் பார்த்தார், தலையசைத்தார், பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"இங்க கக்கூசு எங்க இருக்குது?"

மாராத்தாள் சரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் முக்காலியோடு ஓர் அடி தள்ளி உட்கார்ந்தாள்.

"வாங்கண்ணா. இதேதானுங்க. மூணு தடவ தொறந்தாச்சு."

பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் வீடு வழக்கமாகப் பதினைந்து நிமிட நடை. இன்று எட்டு நிமிடத்தில் வந்து சேர்ந்தோம். பையை நான் தூக்கிக்கொண்டேன்.